பழைய தொடர்கதை ஓவியத்துக்கு பிரேம் போடுமுன்: மவுண்ட், கண்ணாடி, பீடிங்

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்தது. ஓவியம் மணியம். அந்த மூன்றரை வருடமும் எத்தனையோ வீடுகளில் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, வரிசை மாறாமல் அடுக்கி, பைண்ட் போட்டு வைத்தார்கள். எங்கள் அம்மாச்சியும் அப்படி ஒரு தொகுதி வைத்திருந்தார். தையல் விட்டு அதிலிருந்து உதிர்ந்த ஒரே ஒரு பக்கம் என் கைக்கு வந்தது. ஆசையாக எடுத்துக்கொண்டு போய் ஒரு கடையில் பிரேம் போடக் கொடுத்தேன்.

பதினொரு வருடம் கழித்து, கண்ணாடியின் உள்பக்கம் புகை படிந்த மாதிரி இருக்கிறதே என்று பிரித்துப் பார்த்தேன். ஹார்ட்போர்டு முழுக்க வெள்ளைப் பசையைத் தடவி அதன் மேல் பக்கத்தை ஒட்டியிருந்தார்கள். படத்தைச் சுற்றிய மவுண்ட் அட்டையின் ஓரம் தாளைத் தொட்ட இடமெல்லாம், நாலு பக்கமும், டீ சிந்திக் காய்ந்தது போல ஒரு பழுப்புக் கோடு. ஒரு மூலையை மெதுவாகக் கிளப்பினால் தாள் இரண்டாக உரிந்தது. ஓவியம் மேல் தோலோடு வந்தது. பின்பக்கத்தில் இருந்த கதை பலகையோடேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நான் பிரேம் போடும் எதற்கும் ஒரே விதிதான். உள்ளே போன தாள், இருபது வருடம் கழித்துப் பிரித்தாலும், போனபடியே வெளியே வரவேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

தாளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன் வீட்டில், சுத்தமான மேசையில், கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, தாளைப் பத்து நிமிடம் பாருங்கள். இலக்கியம் சார்ந்த அச்சுப் படங்கள் என்று நாம் சேர்ப்பவை பெரும்பாலும் நாலு வகைக்குள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

முதல் வகை, வார இதழ்ப் பக்கம். மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்த மலிவுத் தாள். மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் இந்தத் தாளில் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பேறும், அமிலம் கூடும், கடைசியில் அப்பளமாக நொறுங்கும். இரண்டாவது, தீபாவளி மலர்களில் வந்த வண்ணப் படங்கள். இவை பெரும்பாலும் வழுவழுப்பான ஆர்ட் பேப்பர். அந்த வழுவழுப்பு மேலே பூசிய களிமண் பூச்சு. ஈரம் பட்டால் அது பசையாகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு உரியாது. மூன்றாவது, கவிதையையோ ஒரு பத்தியையோ எழுத்து அழுந்தும்படி லெட்டர்பிரஸ்ஸில் அச்சிட்ட தனித்தாள். விரலால் தடவினால் எழுத்தின் பள்ளம் தெரியும். நான்காவது, இன்றைய ஓவியர்கள் எண் போட்டு, பென்சிலில் கையெழுத்திட்டு விற்கும் பிரதி. 12/50 என்று இருந்தால் ஐம்பது பிரதிகளில் இது பன்னிரண்டாவது.

இன்னொன்றும் உண்டு: ரவிவர்மா அச்சகத்துப் படங்கள். 1894இல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகத்திலிருந்து வந்த சகுந்தலை, அன்னத்தோடு தமயந்தி போன்ற படங்கள் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் தொங்குகின்றன. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் பழைய தேக்கு பிரேமோடு இருந்தால், பிரேமைத் தூக்கிப்போடாதீர்கள். அதன் முதுகில் இருக்கும் பலகையைத்தான் மாற்றவேண்டும். இரண்டு மூன்று மரப்பட்டிகளை அடுக்கி மூடியிருப்பார்கள். பட்டிக்கும் பட்டிக்கும் நடுவில் காற்று போன இடம் படத்தில் நேர்கோடாகப் பழுப்பு விழுந்திருக்கும். மரத்தின் கணு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை இருக்கும். வந்த கறையை வீட்டில் நாம் எடுக்க முடியாது. மேலும் பரவாமல் நிறுத்தலாம்.

தாளின் நீள அகலத்தை மில்லிமீட்டர் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஸ்கேன் எடுங்கள், அல்லது பகல் வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். செல்லோ டேப் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். கிழிசல் இருந்தால் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். ஓரம் கோணலாக இருக்கிறதே என்று கத்தரிக்கோலை எடுக்கவே கூடாது. ஓரம் வெட்டிய பிரதியைச் சேகரிப்பாளர்கள் பாதி மதிப்புக்குக்கூட எடுக்கமாட்டார்கள். அதைவிட முக்கியம், வெட்டியதை ஒட்டமுடியாது என்பது.

முழுசாக இருக்கும் பைண்ட் தொகுதியிலிருந்து ஒரு படத்துக்காகப் பக்கத்தை உருவாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். உதிர்ந்த பக்கம், தனியாக வாங்கிய பக்கம், இவை போதும். முழுத் தொகுதி வேண்டாம் என்று தோன்றினால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் முதலில் கேட்டுப் பாருங்கள்.

அசலா, நகலா

இதழ்ப் பக்கம் தொட்டாலே உதிர்கிறது என்றால் என் யோசனை தெளிவானது. நல்ல ஸ்கேன் எடுத்து, பருத்தித் தாளில் அச்சிட்டு, அந்த நகலுக்கு பிரேம் போடுங்கள். அசலை அமிலமில்லாத உறையில் போட்டு, மட்டமாகப் படுக்கவைத்து, அலமாரியில் வையுங்கள். சுவரில் தொங்கும் நகலைப் பார்த்து யாரும் குறைசொல்லப்போவதில்லை. தாள் இன்னும் வளைந்து கொடுக்கிறது, ஓரம் உதிரவில்லை என்றால் அசலையே மாட்டலாம்.

மவுண்ட்: காசு செலவழிக்கவேண்டிய இடம்

படத்தைச் சுற்றி வரும் அட்டையைக் கடைகளில் மவுண்ட் என்பார்கள். அது அழகுக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை, தாளையும் கண்ணாடியையும் ஒட்டவிடாமல் விலக்கிவைப்பது. மழைக்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வேர்க்கும். தாள் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் முதலில் அலை அலையாகும், பிறகு பூசணம் பிடிக்கும். ஆர்ட் பேப்பராக இருந்தால் ஒட்டியே போகும். சாதாரண மவுண்ட் அட்டை ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். இதன் இரட்டிப்பாக மூன்று மில்லிமீட்டரிலும் கிடைக்கிறது. லெட்டர்பிரஸ் தாளுக்கு அந்தத் தடிமன் அவ்வளவு எடுப்பாக இருக்கும்.

எந்த அட்டை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடையில் சாதாரணமாகப் போடுவது மரக்கூழ் அட்டை. மேலே வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும், உள்ளே இருப்பது கிட்டத்தட்ட நம் வார இதழின் அதே கூழ். எந்த வீட்டிலாவது பழைய பிரேம் இருந்தால் மவுண்டின் சாய்வு வெட்டை உற்றுப் பாருங்கள். வெள்ளையாக இருக்கவேண்டிய அந்த ஓரம் பிஸ்கட் நிறத்தில் இருந்தால், அதே அமிலம் படத்துக்கும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். என் பக்கத்தில் விழுந்த டீக்கறைக் கோடு இதுதான்.

கேட்கவேண்டியது பருத்தி இழையில் செய்த அட்டை. மியூசியம் போர்டு என்று கேட்டால் தெரிந்த கடைக்காரர் புரிந்துகொள்வார். ஆசிட் ஃப்ரீ என்று மட்டும் எழுதியிருந்தால் அது போதாது. மரக்கூழிலேயே சுண்ணாம்புச் சத்தைக் கலந்து அன்றைக்கு அமிலமில்லாமல் செய்துவிடலாம். லிக்னின் மிச்சமிருந்தால் சில வருடங்களில் அமிலம் திரும்ப வரும். லிக்னினும் இல்லை என்று சொல்லும் அட்டை பரவாயில்லை. பருத்தி அட்டை நல்லது. சந்தேகமிருந்தால் பி.எச். பேனா என்று ஒன்று விற்கிறது. அட்டையின் மூலையில் ஒரு கோடு போட்டால், அமிலமில்லாத இடத்தில் ஊதாவாகவும், அமிலம் இருந்தால் மஞ்சளாகவும் தெரியும். அட்டையில்தான் கோடு போடவேண்டும், படத்தில் அல்ல. மேலே ஒட்டிய தாளும் உள்கூழும் வேறுவேறு என்பதால் வெட்டிய ஓரத்திலும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

முன்னால் திறப்பு வெட்டிய அட்டை ஒன்று, பின்னால் படத்தைத் தாங்கும் முழு அட்டை ஒன்று, இரண்டும் இதே தரத்தில் இருக்கவேண்டும். முன்னால் நல்லதைப் போட்டுப் பின்னால் ஹார்ட்போர்டை நேராக வைத்தால் செலவழித்தது வீண். இரண்டையும் மேல் ஓரத்தில் ஒரு துணிப்பட்டியால் இணைத்து, புத்தகம் மாதிரித் திறந்து மூடும்படி வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

நிறம். பழைய தாளைச் சுற்றிப் பளீர் வெள்ளை அட்டையை வைத்தால் தாள் அழுக்காகத் தெரியும். தாளின் இன்றைய நிறத்தைவிட ஒரு சாயல் வெளுப்பான நிறத்தை எடுங்கள், தந்தமோ இளம் சந்தனமோ. கோட்டோவியத்துக்குக் கறுப்பு மவுண்ட் எனக்குப் பிடிக்காது. கோட்டின் கறுப்பு அட்டையின் கறுப்போடு போட்டிபோட்டுத் தோற்கிறது. இரட்டை மவுண்ட் வேண்டுமானால், உள் அட்டை நாலைந்து மில்லிமீட்டர் மட்டும் தெரியட்டும். அதன் நிறத்தைப் படத்திலேயே இருக்கும் ஒரு மங்கிய வண்ணத்திலிருந்து எடுங்கள்.

இதழ்ப் பக்கத்துக்கு மட்டும் ஒரு சூட்சுமம். பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் நிழலாகத் தெரிகிறதா? பின் அட்டை வெள்ளையாக இருந்தால் அந்த நிழல் கூடும், தாளை ஊடுருவிப் போன வெளிச்சம் திரும்பி வருவதால். தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டையை வைத்துப் பாருங்கள். எழுத்து அடங்கிப்போகும், படம் ஒரு பொடி மங்கும். அவ்வளவுதான் விலை. அந்தக் கறுப்பு அட்டையும் அமிலமில்லாததாக, சாயம் இறங்காததாக இருக்கவேண்டும். ஈரப் பஞ்சால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் சாயம் தெரிந்துவிடும்.

அளவு போடும் கணக்கு

பக்கம் 18 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். மவுண்ட் ஓரம் தாளின் மேல் சுற்றிலும் 5 மி.மீ. ஏறி நிற்கவேண்டும். ஆகவே திறப்பு 17க்கு 23. மேலேயும் இரு பக்கமும் 7 செ.மீ. அட்டை, கீழே 8.5 செ.மீ. என்று விடுகிறேன். வெளி அளவு 31க்கு 38.5. கீழே ஏன் கூட? நாலு பக்கமும் சமமாக விட்டால், பார்க்கும்போது படம் கீழே சறுக்குவது போலத் தோன்றும். கண்ணின் கோளாறு அது. கீழே கொஞ்சம் கூட்டினால் சரியாக நிற்கும்.

கையெழுத்திட்ட பிரதிக்குக் கணக்கு வேறு. படத்துக்குக் கீழே வெள்ளை ஓரத்தில் பென்சிலில் எண்ணும் கையெழுத்தும் இருக்கும். திறப்பைப் படத்தின் விளிம்பு வரை வெட்டி, கையெழுத்தை அட்டைக்குள் புதைத்துவிடுவது எல்லாக் கடையிலும் நடக்கிறது. படத்தைச் சுற்றி 1 செ.மீ., கீழே 2 செ.மீ. வெள்ளை தெரியும்படி வெட்டச் சொல்லுங்கள். எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது கத்தி எடுக்கும்போது நினைவிருக்காது.

கையால் செய்த தாளில் அச்சான கவிதைக்கு ஓரமே அழகு. பிசிறுபிசிறாக இருக்கும் அந்த ஓரத்தை மூடாமல், தாள் முழுவதும் தெரியும்படி பின் அட்டையின் மேல் மிதக்கவிடலாம். அப்போது தாளைத் தொடும் மவுண்ட் இல்லை. கண்ணாடியின் ஓரத்தில் ஸ்பேசர் பட்டி வைத்து, ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும்.

மவுண்டின் அகலமும் பீடிங்கின், அதாவது பிரேமின் நாலு பக்கச் சட்டத்தின், அகலமும் ஒன்றாக இருந்தால் வரிவரியாகக் கோடு போட்ட மாதிரி ஆகிவிடும். பீடிங்கைப் போல இரண்டரை, மூன்று மடங்கு மவுண்ட் இருக்கட்டும்.

ஒட்டாமல் நிறுத்துவது

கடையில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும்:

"அண்ணே, படத்தை ஒட்டாதீங்க."

"ஒட்டலைன்னா சுருக்கம் விழும் தம்பி. அப்புறம் என்கிட்டத்தான் வருவீங்க."

அவர் சொல்வதும் பொய்யில்லை. தாள் ஈரக்காற்றில் விரியும், காய்ந்தால் சுருங்கும். மழைக்காலத்தில் லேசாக ஒரு அலை தெரியும், தை பிறந்தால் அடங்கும். அது தாளின் இயல்பு. அதை முழுக்க அழுத்தி ஒட்டிவிட்டால் விரியவும் வழியில்லை, பிரிக்கவும் வழியில்லை. "சுருக்கம் விழட்டும் அண்ணே, நான் கேட்கமாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் மனசு ஒப்பவில்லை என்றால், பிரேம், கண்ணாடி, மவுண்ட் மூன்றையும் அவரிடம் செய்து வாங்கிக்கொண்டு, படத்தை வீட்டில் நீங்களே பொருத்துங்கள். நான் இப்போது எல்லாவற்றுக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

புதிய, கெட்டியான தாளாக இருந்தால் பசையே தேவையில்லை. அமிலமில்லாத தாளை மடித்து நாலு முக்கோணப் பை செய்து, படத்தின் நாலு மூலையையும் அதில் செருகி, பைகளை மட்டும் பின் அட்டையில் ஒட்டிவிடுங்கள். பழைய ஆல்பத்தில் போட்டோ ஒட்டிய அதே மூலைதான். மவுண்ட் ஓரம் அதை மறைத்துவிடும். தாள் விரிய ஒரு மயிரிழை இடம் விட்டுச் செருகவேண்டும்.

மெல்லிய பழைய பக்கத்துக்கு மூலை தாங்காது, நடுவில் தொய்ந்துவிடும். அதற்கு ஜப்பானிய டிஷ்யூவும் கோதுமை ஸ்டார்ச் பசையும். ஜப்பானிய டிஷ்யூ என்பது முசுக்கொட்டை இனத்து மரப்பட்டை நாரில் செய்வது. மெல்லிசு, ஆனால் உறுதி. ஆன்லைனில் கிடைக்கிறது.

பசையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். மைதாப் பசை வேண்டாம். மைதாவில் இருக்கும் பசைப்புரதம் காய்ந்ததும் கெட்டியாகிவிடும், பூச்சியையும் கூப்பிடும். நமக்கு வேண்டியது ஸ்டார்ச் மட்டும். கடையில் கோதுமை ஸ்டார்ச் பொடி கிடைக்காவிட்டால், திருநெல்வேலி அல்வாவுக்குப் பால் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, ஒரு மணி நேரம் ஊறவைத்து, பாத்திரத்துத் தண்ணீருக்குள் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்தால், பால் தண்ணீரில் இறங்கும், ரப்பர் மாதிரி ஒரு உருண்டை கையில் மிஞ்சும். உருண்டையைப் போட்டுவிடுங்கள். பாலை வடிகட்டி, சில மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரைக் கொட்டினால் அடியில் படிந்திருப்பதுதான் ஸ்டார்ச். அது காய்ந்த பொடியானால் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர். சிறு தீயில் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கிளறினால் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும். ஆறவிட்டு, மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டி, தயிர் பதத்துக்குத் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்ப்பெட்டியில் நாலைந்து நாள் தாங்கும். வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

பைண்டிங் செய்பவர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பிரேமுக்கு அது கூடாது. துத்தத்தில் இருக்கும் செம்பு, தாள் சிதைவதை வேகப்படுத்தும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து தாளுக்கே விஷம் வைத்த மாதிரி ஆகிவிடும்.

டிஷ்யூவை வெட்டாதீர்கள். ஈரத் தூரிகையால் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் கிழியுங்கள். கிழித்த ஓரத்தில் நார் பஞ்சு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓரம் முன்பக்கம் தடமாகத் தெரியாது. ஒன்றரை செ.மீ. அகலம், மூன்று செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டி போதும். படத்தைக் குப்புற வைத்து, மேல் ஓரத்தில் மட்டும், இரு மூலையிலிருந்தும் கொஞ்சம் உள்ளே தள்ளி, பட்டியின் நுனி 4 மி.மீ. அளவுக்குத் தாளில் ஒட்டவேண்டும். பசை பளபளப்பாக நிற்கும்போது ஒட்டாதீர்கள். அரை நிமிடம் விட்டால் மங்கும், அப்போது வையுங்கள். மேலே ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள், அதன் மேல் ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் ஒரு கனமான புத்தகம். ஒரு மணி நேரம் கழித்துப் படத்தைத் திருப்பி, பட்டியின் மீதியைப் பின் அட்டையில் படியவைத்து, அதன் குறுக்கே இன்னொரு பட்டி ஒட்டுங்கள். ஆங்கில டீ எழுத்து மாதிரி இருக்கும். கீழ் ஓரமும் பக்கங்களும் விடுதலையாகத் தொங்கட்டும்.

நாளை பிரிக்கவேண்டுமென்றால் அந்த 4 மி.மீ. இடத்தில் லேசாக ஈரம் காட்டினால் போதும். பட்டி கையோடு வரும்.

செல்லோ டேப், இரட்டைப் பக்க டேப், பிரவுன் டேப் எதுவும் படத்தின் பக்கமே வரக்கூடாது.

கண்ணாடி

சலூன் சுவரில் வெயில் படும் இடத்தில் ஒட்டிய படங்கள் எல்லாம் நீலமாகிப்போனதைப் பார்த்திருப்பீர்கள். வண்ண அச்சில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போகும், நீலமும் கறுப்பும் மிஞ்சும். தீபாவளி மலர்ப் படத்துக்கும் அதே கதிதான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அல்லது அக்ரிலிக் ஷீட் கிடைக்கிறது. விலை கூட. அருமையான பிரதி என்றால் போடுங்கள். ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்று வெயிலில் மாட்டாதீர்கள், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைத் தின்னும். அருங்காட்சியகங்களில் தாளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று அளவு வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு ஜன்னலோரப் பகல் வெளிச்சம் அதைப்போலப் பல மடங்கு.

சாதாரணம் என்றால் 2 மி.மீ. கண்ணாடி போதும். பெரிய படத்துக்கும் குழந்தைகள் ஓடும் வீட்டுக்கும் அக்ரிலிக் நல்லது, எடை குறைவு, எளிதில் உடையாது. கீறல் விழும், தூசியை இழுக்கும். பிரதிபலிக்காத கண்ணாடி என்று சொரசொரப்பாக்கிய ஒன்றைக் கடையில் காட்டுவார்கள். மவுண்ட் இடைவெளியோடு வைத்தால் அதில் கோட்டோவியத்தின் கூர்மை கலங்கிப்போகும். எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

பீடிங்

இங்கேதான் எல்லாரும் அதிக நேரம் செலவழிக்கிறார்கள், உண்மையில் இதுதான் சுலபம். கோட்டோவியத்துக்கு ஒல்லியான, வேலைப்பாடு இல்லாத பீடிங். இரண்டு அல்லது இரண்டரை செ.மீ., கறுப்பு அல்லது தேக்கு நிறம். ரவிவர்மா படத்துக்கு மட்டும் அகலமான தேக்கும் கொஞ்சம் தங்கக் கோடும் பொருந்தும். ஃபைபர் பீடிங் மலிவு, கரையான் தொடாது. பெரிய படத்தின் எடையைத் தாங்குமா என்று பாருங்கள். மரம் என்றால், கண்ணாடியும் அட்டையும் உட்காரும் உள்பள்ளத்தில் அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டச் சொல்லுங்கள், மரத்தின் அமிலம் அட்டைக்கு ஏறாது.

பார்க்கவேண்டியது அந்த உள்பள்ளத்தின் ஆழம். கண்ணாடி 2 மி.மீ., முன் அட்டை ஒன்றரை, பின் அட்டை ஒன்றரை, முதுகு ஷீட் 3, ஆக 8 மி.மீ. 12 மி.மீ. ஆழமாவது இருந்தால்தான் ஆணி பிடிக்க இடம் இருக்கும். குறைந்த ஆழத்தில் திணித்தால் எல்லாம் கண்ணாடியோடு நசுங்கும். நீள அகலத்திலும் அட்டையைவிட உள்பள்ளம் 3 மி.மீ. கூட இருக்கட்டும்.

எத்தனை அடி பீடிங் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். சுற்றளவோடு பீடிங் அகலத்தின் எட்டு மடங்கைக் கூட்டுங்கள், நாலு மூலையும் சாய்வாக வெட்டுவதால். நம் 31க்கு 38.5 படத்துக்குச் சுற்றளவு 139 செ.மீ., இரண்டரை செ.மீ. பீடிங் என்றால் இன்னொரு 20. ஆக 159 செ.மீ., ஐந்தேகால் அடி. வெட்டுச் சேதாரம் தனி.

முதுகு

ஹார்ட்போர்டுக்குப் பதிலாக சன்பேக் ஷீட் போடச் சொல்லுங்கள். விளம்பரப் பலகைக்குப் பயன்படும், உள்ளே குழல்குழலாக இருக்கும் அந்த பிளாஸ்டிக் பாலிப்ரொப்பிலீன். ஈரம் ஏறாது, கரையானுக்கு ஆகாது, அமிலம் விடாது. சன்போர்டு என்று வேறொன்று உண்டு, பெயர்தான் ஒன்று போல. அது பி.வி.சி., படத்தோடு சேர்த்து அடைக்க அது வேண்டாம். ஆணி அடித்த பிறகு பின்பக்கம் முழுவதும் பழுப்புக் காகிதம் ஒட்டி மூடவேண்டும், தூசியும் ராமபாணமும் நுழையாமல். கொக்கியும் கம்பியும் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடலோர ஊர்களில் சாதாரணக் கம்பி துருப்பிடித்து, ஒருநாள் ராத்திரி படம் கீழே வந்துவிடும்.

கீழ் இரண்டு மூலையிலும் ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். சுவருக்கும் பிரேமுக்கும் நடுவில் காற்று போக அந்தச் சின்ன இடைவெளி போதும்.

எங்கே மாட்டுவது

ஐப்பசி, கார்த்திகையில் எந்தச் சுவர் ஓதம் ஏறுகிறதோ அந்தச் சுவர் வேண்டாம். மழை அடிக்கும் வெளிச்சுவரின் உள்பக்கம், குளியலறைக்கு அடுத்த சுவர், இரண்டும் கூடாது. அறையின் உள்சுவரே நல்லது. ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைத்தால், ஏ.சி.யை நிறுத்தியதும் கண்ணாடி வேர்க்கும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் நின்றால் பார்க்கச் சுகம்.

நம் வீடுகளில் இன்னொன்று நடக்கும். பாரதி படம் என்றால் பிறந்தநாளுக்கு மாலை போடுவோம், சந்தனம் குங்குமம் வைப்போம். வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஈர மாலையிலிருந்து வடியும் தண்ணீர் கண்ணாடியில் இறங்கி, கீழ்ப் பீடிங்கின் பள்ளத்தில் தேங்கி, அட்டை உறிஞ்சிக்கொள்ளும். மாலையை உதறி, துடைத்துப் போடுங்கள், சாயந்திரமே எடுத்துவிடுங்கள். பொட்டை பிரேமின் மேல் கட்டையில் வையுங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போதும் திரவத்தைத் துணியில் தெளித்துத் துடைக்கவேண்டும், கண்ணாடியில் நேராகத் தெளிக்கக் கூடாது. காரணம் அதேதான்.

மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் ஒருமுறை எல்லாப் பிரேமையும் இறக்கிப் பாருங்கள். முதுகுக் காகிதத்தில் ஓட்டை இருக்கிறதா, கண்ணாடி உள்ளே மங்கியிருக்கிறதா, தாளில் புதிதாகப் பழுப்புப் புள்ளி வந்திருக்கிறதா. பூசணம் தெரிந்தால் அன்றே பிரித்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் தாளை உலரவிடுங்கள். காயாமல் துடைத்தால் தாளுக்குள் தேய்த்துவிடுவீர்கள்.

பிரேமை மூடுமுன் பின் அட்டையில், படம் படாத இடத்தில், பென்சிலால் எழுதி வையுங்கள்: எந்த இதழ், எந்தத் தேதி, ஓவியர் யார், யாரிடமிருந்து வந்தது, எந்தப் பசை, எந்த அட்டை, எந்த மாதம் பிரேம் போட்டது. உரிந்த அந்தப் பக்கத்தை நான் ஸ்கேன்கூட எடுத்து வைக்கவில்லை. ஓவியம் மட்டும் இப்போது ஓர் உறையில் இருக்கிறது. அதே தொகுதியிலிருந்து உதிர்ந்த இன்னொரு பக்கத்தைப் போன தையில் நானே டிஷ்யூ பட்டியில் தொங்கவிட்டேன். அதன் பின் அட்டையில் முதல் வரி அம்மாச்சியின் பெயர்.